எண்ணெய் பிடித்த கல்

மீன் வாங்கப் போனால் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். அப்புறம் கண்ணை அமுக்கிப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து கழுவும்போது மோந்தும் பார்ப்பேன். ஈப்போ பாசாரில் எனக்கு மீன் விற்ற சீனக் கிழவர் என் தலை தெரிந்தாலே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். சந்தேகம் என் பிறவிக் குணம். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். "உனக்கேத்த வேலதான் கெடச்சிருக்கு. கல்லக்கூட நம்பாம அறுத்துப் பாக்குற வேல" என்பார்.

அவர் சொன்னது கேலி என்றாலும் உண்மை. எழுபதுகளின் பின்பாதியில் ஈப்போவில் ஒரு சிறிய அலுவலகத்தில் கல் அறுத்துக்கொண்டிருந்தேன். அரசாங்கத்துக்காகக் கல்லையும் மண்ணையும் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கும் இடம். இப்போது அது இல்லை, கட்டடமும் கை மாறிவிட்டது. பெருக்கித் துடைக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். கல் அறுத்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, கை நடுங்காத ஆள் யார் என்று பார்த்து என்னை அந்த மேசையில் உட்கார வைத்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பட்டைக்கு நோகாமல் பால் மரம் வெட்டிப் பழகிய கை அது. நடுங்காது.

வேலை இதுதான். அதிகாரிகள் காட்டிலிருந்து துணிப்பைகளில் கல் கொண்டு வருவார்கள். பை ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும். கல்லை இயந்திர ரம்பத்தில் நீர் ஊற்றி ஊற்றித் துண்டாக்கி, ஒரு பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, அடுப்புத் தகட்டில் வைத்துச் சூடாக்கி, பிசின் தடவிக் கண்ணாடிச் சில்லில் ஒட்ட வேண்டும். பிறகு மறுபக்கத்தைத் தேய்க்க வேண்டும். வெங்காயத் தோல் போல ஆகி, அதையும் தாண்டி, வெளிச்சம் கல்லுக்குள் புகுந்து வரும்வரை தேய்க்க வேண்டும். அதற்கு மேல் ஒரு தேய்ப்புத் தேய்த்தாலும் கல்லே காணாமல் போய்விடும். முடித்த சில்லின் மேல் பையிலிருந்த எண்ணை எழுதி அதிகாரியிடம் கொடுப்பேன். அவர் உருப்பெருக்கியில் வைத்துப் பார்ப்பார். எண் மாறினால் எல்லாம் போச்சு. என் கையில் ஒரு நாளும் எண் மாறியதில்லை.

அந்த அலுவலகத்துக்கு ஓர் இளம் அதிகாரி வந்தார். செட்டிநாட்டுக் குடும்பம். அப்பா காலத்தில் வட்டிக்கடை, பிறகு துணிக்கடை. இவர் மட்டும் படித்துவிட்டுக் கல் பக்கம் வந்துவிட்டார். எங்கள் இடத்தில் தமிழ் பேசுகிற அதிகாரி அவர் ஒருவர்தான். தமிழ் பேசுகிறார் என்பதற்காக நான் உருகிப் போய்விடவில்லை. என்னைவிட வயதில் மூத்தவராக இருந்தும் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டார். அதுவே எனக்கு உறுத்தியது. காரியம் ஆக வேண்டியவன்தான் இப்படிக் குழைவான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் அவர் சுவரில் வரைபடத்தை விரித்து ஒட்டிக்கொண்டிருந்தார். கிரிக் போகும் சாலையில் ஓரிடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. அது நான் பிறந்த தோட்டம். வட்டத்துக்கு நடுவே இருந்தது நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நிற்கிற மலை.

"என்னா சார் இருக்கு அந்த மலையில?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். நான் அந்த ஊர்க்காரி என்பதைச் சொல்லவில்லை.

"அது சாதாரண மலை இல்லக்கா. எரிமலைக் கொழம்பு பொங்கி நின்ன மேடு. அந்தக் கொழம்பு ரொம்பக் கெட்டி. ஓடிப் பரவாம, வெளிய வந்த எடத்துலயே குமிஞ்சு குமிஞ்சு வளரும். இது மொதல்ல கடலுக்கு அடியில வளர ஆரம்பிச்சிருக்குன்னு நெனைக்கிறேன். வளந்து வளந்து தண்ணிக்கு மேல தலையத் தூக்கியிருக்கு. பாதி கடல்ல வளந்தது, பாதி தரையில வளந்தது. ரெண்டும் ஒரே மலையில இருக்கிறது அபூர்வம்."

"எப்ப நடந்துச்சு இது?"

"மனுசனே இல்லாத காலம்."

அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். தண்ணீருக்குள் வந்த குழம்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடியாகி நொறுங்குமாம். நொறுங்கின சில்லுகளுக்கு இடையில் கடற்சேறு புகுந்துகொள்ளும். காலப்போக்கில் அந்தக் கண்ணாடி மாறிப் பச்சை நிறமாகிவிடும். தண்ணீருக்கு மேலே வந்த பாகமோ காற்றில் மெதுவாக ஆறும். மேல்தோல் குமிழி விட்டு, காற்றுப் பட்டுச் சிவந்து போகும். அதனால் அடியில் பச்சை நொறுங்கல், உச்சியில் சிவப்புக் குமிழிக் கல். இரண்டையும் வரிசையாகக் காட்டிவிட்டால் மலை கடலிலிருந்து எழுந்தது என்று நிரூபித்துவிடலாம் என்றார்.

எனக்குப் புரியாமல் இல்லை. பலகாரத்துக்குப் பாகு காய்ச்சும்போது பதம் பார்க்கத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுகிறோம். முற்றின பாகு தண்ணீரில் விழுந்ததும் கெட்டியாகி, தட்டினால் நொறுங்கும். அதே பாகைத் தட்டில் கொட்டினால் மெதுவாக ஆடை கட்டும். விஷயம் அவ்வளவுதான். விளங்கியது. ஆனால் நம்பவில்லை. மனிதனே இல்லாத காலத்தில் கடல் எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ள யாராவது ஜீப்புக்கு எண்ணெய் போட்டு ஈப்போவிலிருந்து கிரிக் வரை போவார்களா?

நம்பாததற்கு என்னிடம் காரணமும் இருந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தோட்டத்துக்குச் சிலர் வந்தார்கள். சங்கிலி பிடித்து அளந்தார்கள். சிவப்பும் வெள்ளையும் பூசிய குச்சிகளை நட்டார்கள். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, சும்மா சாலை பார்க்கிறோம் என்றார்கள். ஆறு மாதத்தில் தோட்டத்தின் பாதி துண்டு துண்டாக விற்கப்பட்டது. அந்தப் பாதியில் இருந்த லயங்களைக் காலி செய்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு, கையில் அளக்கிற நாடாவோ சுத்தியலோ வைத்திருக்கிறவன் எவனும் ஆகாது.

மிச்சப் பாதியையும் அப்போது ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. பால் மரத்தில் அவர்களுக்கு அக்கறை இல்லை, களை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். பதினேழு குடும்பங்கள் மட்டும் லயத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று என் அண்ணன் குடும்பம். அண்ணன் பால் வெட்டுகிறவர். மலையடியில் இருக்கும் முனியாண்டி கோயிலைப் பார்த்துக்கொள்கிறவரும் அவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அதிகாரி அதற்கு முந்தின வாரமே வந்து மலையுச்சி வரை ஏறிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அதற்குள் 'கல்லுத் தொரை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஈயம் தேடுகிறார் என்றது ஒரு வீடு. தங்கம் என்றது இன்னொரு வீடு. சப்பான்காரன் புதைத்துவிட்டுப் போன சாமானைத் தோண்ட வந்திருக்கிறார் என்று ஒருவர் சத்தியம் செய்தார். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளை வேவு பார்க்கும் போலீஸ் என்பது எதிர்வீட்டுக்காரரின் கட்சி.

அண்ணன் இவை எதையும் சொல்லவில்லை. "செட்டியார் வீட்டுப் புள்ள காரணமில்லாம மலை ஏறுவானா? கம்பெனிதான் அனுப்பியிருக்கு. மலைய ஒடச்சு ரோட்டுக்குக் கல்லு எடுக்கப் போறான்லா. கல்லு தேறுமான்னு பாக்க வந்திருக்கான் இவன்" என்றார்.

"அப்படித் தெரியலண்ணே. கடல் கதையெல்லாம் சொல்றாரு."

"உன்கிட்டயும் அதையேதான் சொன்னானா? என்கிட்டயும் சொன்னான். மலைய ஒடச்சா லயம் இருக்குமா? கோயில் இருக்குமா? இந்த வயசுல இதையெல்லாம் விட்டுட்டு எங்க போறது? கித்தா மரத்துல பால் வெட்டத் தவிர எனக்கு என்னா தெரியும்? நீ உள்ளயே இருக்க. அவன் என்னா எழுதுறான், யாருக்கு எழுதுறான், பாத்துச் சொல்லு புள்ள."

அண்ணன் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. எனக்குக் கல்யாணம் பேசும்போது கூட மாப்பிள்ளை வீட்டாரிடம்தான் கேட்டார். அன்று அவர் கேட்டதும், சரி என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரம் நான் வேவுக்காரி. அவர் சாப்பிடப் போகும்போது மேசையைத் துடைக்கிற சாக்கில் காகிதங்களைப் புரட்டினேன். குறிப்புப் புத்தகத்தில் மலையின் படம் வரைந்து, கீழே பச்சையும் மேலே சிவப்பும் தீட்டியிருந்தார். என்னிடம் சொன்ன அதே கதை. அதுவும் சந்தேகமாகத்தான் பட்டது. உண்மையானவன் இவ்வளவு அழகாகப் படம் போடுவானா என்று தோன்றியது. குப்பைக் கூடையைக் கிளறினேன். பென்சில் சீவல்தான் இருந்தது. கடைசியில் ஒரு புதன்கிழமை, அவர் மேசையில் ஒரு நீளக் கவர் கிடந்தது. அதன் மூலையில் அந்தக் கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்தது. தோட்டத்து வாசலில் புதிதாக மாட்டிய பலகையில் நான் பார்த்த அதே பெயர்.

கவர் பிரித்திருந்தது. உள்ளே கடிதம் இருந்தது. நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டதால் எடுத்துப் படிக்கவில்லை. படிக்கத்தான் வேண்டுமா என்றும் நினைத்தேன். கம்பெனி இவருக்குக் கடிதம் எழுதுகிறது. அது போதும். மறுநாள் கிரிக் பக்கம் போன லோரிக்காரர் ஒருவரிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்: நீ சொன்னது சரி, கம்பெனி எழுதிய சுராட் அவர் மேசையில் இருக்கிறது.

அப்படிச் சொல்லி அனுப்பியதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. என் மூக்கு பொய் சொல்லாது என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அதிகாரி கல் எடுக்கப் போனார். மழைக்காலம் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம். முதல் நாள் மலையடியில் எடுத்த கற்கள் நன்றாக அமைந்தன. இரண்டாம் நாள் ஓடைப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. காலைத் தரையில் வைக்க முடியவில்லை. உச்சிக்கு யாரை அனுப்புவது? அவரைத் தூக்கி வந்து தன் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்த ஆளிடமே கேட்டிருக்கிறார். அந்த ஆள் என் அண்ணன்.

அண்ணன் அவரிடம் சுத்தியலையும் நான்கு துணிப்பைகளையும் வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். உச்சியில் எந்தெந்த இடத்தில் உடைக்க வேண்டும் என்று அதிகாரி படம் போட்டுக் கொடுத்திருந்தார். அண்ணி அவருக்குக் காலில் எண்ணெய் போட்டு நீவிவிட்டு, கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டாள். மத்தியானத்துக்கு மேல் பைகள் நிறையக் கல்லோடு அண்ணன் திரும்பி வந்தார். வேர்வை சொட்டியதாம். அதிகாரி அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாராம். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, நொண்டிக்கொண்டே வந்த அதிகாரி என் மேசையில் பைகளை வைத்தது மட்டும்தான்.

"இந்த நாலும்தான் முக்கியம்கா. உச்சிக் கல்லு. நிதானமாப் பண்ணுங்க."

மலையடிக் கற்களை முதலில் அறுத்தேன். அவர் சொன்னபடியே பச்சை, உள்ளே நொறுங்கல். பிறகு உச்சிக் கல்லை ரம்பத்தில் வைத்தேன். வெளிப்புறம் மங்கின பழுப்பு. எங்கள் ஊர் மழையில் எந்தக் கல்லும் வெளியே அப்படித்தான் இருக்கும். ரம்பம் உள்ளே இறங்கியதும் வழிந்த நீரில் வானவில் போல நிறம் நிறமாகப் படலம் மிதந்தது. இயந்திரத்தில்தான் எண்ணெய் ஒழுகுகிறதோ என்று நிறுத்திப் பார்த்தேன். ஒழுகவில்லை. துண்டைத் தேய்த்துப் பிசின் தடவிக் கண்ணாடியில் ஒட்டினேன். வழுக்கிக்கொண்டு கழன்றது. மறுபடி ஒட்டினேன். மறுபடி கழன்றது. இத்தனை வருடத்தில் எந்தக் கல்லும் என்னிடம் இப்படி அடம் பிடித்ததில்லை.

ஈரம் இருக்கும் என்று நினைத்து அடுப்புத் தகட்டில் கொஞ்சம் கூடுதலாகச் சூடு காட்டினேன். அப்போதுதான் வாசனை வந்தது. குனிந்து மோந்தேன். நல்லெண்ணெய். பழைய, சிக்குப் பிடித்த, புகையேறிய நல்லெண்ணெய் வாசனை. கண்ணை மூடிக்கொண்டு மோந்தாலும் சொல்லிவிடுவேன், அது எங்கள் முனியாண்டி கோயில் பின்பக்கத்து வாசனை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை ஏற்றின விளக்கில் மிஞ்சுகிற எண்ணெயை மறுநாள் தரையில் கொட்டக் கூடாது, கால் படும். வீட்டுக்கும் கொண்டு போகக் கூடாது. கோயிலுக்குப் பின்னால் மலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில்தான் ஊற்ற வேண்டும். தோட்டம் உண்டான நாளிலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாறை வெடிப்பு வெடிப்பாக இருக்கும். ஊற்றினதையெல்லாம் குடித்துவிடும். நானும் சிறு வயதில் எத்தனையோ வாரம் ஊற்றியிருக்கிறேன்.

துண்டை வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே பச்சை. நொறுங்கல். மற்ற மூன்று பைகளையும் பிரித்து மோந்தேன். எல்லாம் அதே. அண்ணன் உச்சிக்குப் போகவே இல்லை. கோயில் பின்னாலேயே உடைத்து, உச்சியின் எண் போட்ட பைகளை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். கம்பெனிக்கு வேண்டியது எதுவோ அது கிடைக்கக் கூடாது என்று சாமி கல்லைக் கொடுத்திருக்கிறார்.

சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. சர்க்கார் வேலைக்கு வந்த அதிகாரியை ஏமாற்றினதாகச் சொல்லி அண்ணனைப் பிடித்துப் போனால் என்ன செய்வது? சுராட் விஷயத்தைச் சொன்னது நான் என்று தெரிந்தால் என் வேலை என்ன ஆகும்? இந்தக் கல்லை ஒட்டாமல் விட்டால் அவர் காரணம் கேட்பார். ஏன் ஒட்டவில்லை என்று அவரே வந்து மோந்து பார்ப்பார்.

அதனால் ஒட்ட வைத்தேன். பெட்ரோல் வாங்கி வரச் சொல்லித் துண்டுகளை அதில் ஊறப் போட்டேன். எடுத்து, துடைத்து, காய வைத்து, மறுபடி ஊறப் போட்டேன். மூன்று நாள் இப்படிச் செய்தேன். நான்காம் நாள் கல்லில் எண்ணெயும் இல்லை, வாசனையும் இல்லை. பிசின் பிடித்துக்கொண்டது. வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்தேன். நான் செய்த சில்லுகளிலேயே அவ்வளவு சுத்தமாக வந்தவை அந்த நான்கும்தான். மேலே உச்சியின் எண்களை எழுதினேன்.

அவர் உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். நெடுநேரம் நிமிரவில்லை. ஒரு சில்லை எடுத்து, அடுத்ததை வைத்து, மறுபடி முதலாவதை வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் பாருங்கக்கா" என்றார். பார்த்தேன். வளைந்த ஓரங்களோடு பச்சைத் துண்டுகள், பக்கத்துத் துண்டோடு சேர்த்தால் பொருந்துகிற மாதிரி விலகி நின்றன. நடுவில் கறுப்பாகச் சேறு.

"இது கடலுக்குள்ள ஒடஞ்சது. உச்சியிலயும் இதேதான்னா, மலை தண்ணிக்கு மேல வரவே இல்ல. நான் மொதத் தடவ மேல ஏறினப்ப செவப்பாத்தான் பாத்தேன். அது வெறும் மழையில துருவேறின செவப்போ என்னமோ. இந்த ஊர்ல எல்லாக் கல்லும் வெளிய செவப்புத்தானே." சில்லைத் திருப்பி எண்ணைப் பார்த்துவிட்டு, "அக்கா, எண்ணு எதுவும் மாறியிருக்காதே?" என்று கேட்டார்.

"என் கையில எண்ணு மாறாது சார்" என்றேன்.

சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அதை அவ்வளவு தைரியமாகச் சொல்ல முடிந்தது. அவர் தலையாட்டினார். தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் வார்த்தையை எடுத்துக்கொண்டார். குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அந்த அழகான படத்தில் மேலே தீட்டியிருந்த சிவப்பை ரப்பரால் அழித்தார்.

மறுபடி போய்ப் பார்க்க அவர் முயற்சி செய்யாமல் இல்லை. அதற்குள் கம்பெனி தோட்டத்து வாசலில் கேட் போட்டு, காவலுக்கு ஜாகா வைத்து, வெளியாள் வரக் கூடாது என்றுவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் அவருக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தது.

கடைசி நாள் அவர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கோப்பி கொண்டு போய் வைத்தேன். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"உங்க அண்ணன் வீட்டுல போட்ட கருவாட்டுக் கொழம்பு இன்னும் நாக்குல இருக்குக்கா."

கோப்பையை நகர்த்தப் போய்க் கோப்பியைச் சிந்திவிட்டேன். அந்த மேசைக்கு வந்த நாளிலிருந்து என் கை தவறியது அதுதான் முதல் தடவை.

"சுவத்துல உங்க கல்யாணப் படம் மாட்டியிருந்துச்சு. நாற்காலியில உக்காந்தா நேர அதுதான் தெரியும். நீங்க சொல்லல, நானும் கேக்கல. உங்களுக்கு ஏதோ சங்கடம் போலன்னு விட்டுட்டேன்." பெட்டியை மூடினார். "அந்த மலைய ஒடைக்காம விடணும்னு கம்பெனிக்கு எழுதிக்கிட்டு இருந்தேன். கடல்ல பாதி, தரையில பாதின்னு அத்தாட்சி காட்டினா யோசிக்கிறோம்னு பதில் போட்டாங்க. மேலிடத்துல சொன்னாலும் கேட்டிருப்பாங்க, படிக்கிற புள்ளைங்க வந்து பாக்க வேண்டிய மலைன்னு. மலை நின்னா லயமும் நிக்கும். நடக்குமோ நடக்காதோன்னு தெரியாம அங்க ஆசை காட்டக் கூடாதுன்னுதான் யார்கிட்டயும் சொல்லல. இப்ப காட்ட ஒண்ணும் இல்லையே. என்னால முடிஞ்சது இவ்வளவுதான்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பயம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு, அதை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்திலும் நான் சந்தேகப்பட்டேன். இந்த ஆளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, என் வாயைக் கிளறித் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுகிறார் என்று நினைத்தேன். "சொல்லிடுறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அவர் நாற்காலி காலியாக இருந்தது.

அண்ணனிடம் சொல்லவில்லை.

எண்பதுகளில் மலையை உடைக்க ஆரம்பித்தார்கள். முதலில் காட்டை அழித்தார்கள், பிறகு வெடி வைத்தார்கள். லயத்து ஓடுகள் அதிர்ந்து விழ ஆரம்பித்ததும் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. அண்ணன்தான் கடைசி. முனியாண்டியின் வேல்கம்பை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். எண்ணெய் குடித்த அந்தப் பாறையை எடுக்க முடியுமா?

சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். லோரி வரக் காத்திருந்தபோது மலையைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தை உச்சியிலிருந்து அடிவரை செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். முந்தின இரவு பெய்த மழை கழுவிவிட்டிருந்தது. கீழே பச்சை. அதற்கு மேலே, கையால் கோடு கிழித்த மாதிரி ஓர் இடம். அந்தக் கோட்டுக்கு மேலே உச்சிவரை சிவப்பு. வெளித்தோலில் ஏறின துரு இல்லை, மலையின் உள்ளேயே அத்தனை தூரத்துக்குச் சிவப்பு. வெடித்து உருண்டு வந்து கிடந்த ஒரு சிவப்புக் கல்லை எடுத்துப் பார்த்தேன். கடுகளவு, பட்டாணியளவு குமிழிகள் நிறைந்திருந்தன. எதையும் உள்ளே பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று திரிந்தவளுக்கு, மலையையே அறுத்துக் காட்டியிருந்தார்கள். கடல் எதுவரை இருந்தது என்று படிக்காதவனுக்கும் தெரியும். பத்து நாளில் அந்தக் கோடும் வெடியில் போய்விட்டது.

அண்ணனுக்கு ஈப்போவிலேயே சிலிபினில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பிளாட்டில் வாடகைக்கு இடம் பார்த்துக் கொடுத்தோம். மூன்றாவது மாடி. பால் வெட்டின மனிதர் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாக உட்கார்ந்தார். ஒரு நாள் சாயங்காலம் போயிருந்தேன். சன்னலோரம் உட்கார்ந்து தூரத்தில் தெரிந்த சுண்ணாம்பு மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரேதான் பேச்சை எடுத்தார்.

"அன்னிக்கு நாங்க மட்டும் கல்ல மாத்தாம இருந்திருந்தா, அப்பவே ஒடச்சிருப்பான்லா. அந்தக் கல்லுத் தொரைக்குக் கோயில் கல்லக் குடுத்து அனுப்புனேன் பாரு, அதுல கொழம்பிப் போயித்தான் ஓடிட்டான். அதனால இத்தன வருசம் தள்ளிப் போச்சு. எங்க பேரப் புள்ளைங்கல்லாம் அங்கதானே பொறந்துச்சுங்க. அது நீ சொல்லி அனுப்பின தாக்கலாலதான். நீ மட்டும் சொல்லாட்டி நான் ஏமாந்திருப்பேன்." என் பக்கம் திரும்பினார். "நீ அந்த ஒப்பிஸ்லயே இருந்தவ. உனக்குத் தெரியாததா? நான் சொல்றது சரிதானே?"

அவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்தத் தோட்டத்திலிருந்து அவர் கொண்டு வந்ததில் மிச்சமிருந்தது ஒரு வேலும் இந்த நம்பிக்கையும்தான்.

"ஆமாண்ணே" என்றேன்.

அண்ணி கோப்பி கொண்டு வந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். சீனி அதிகமாக இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.